தீபாவளிக்கு முந்தின ராத்திரி: கடை ஊழியருக்கு எந்த ஏற்பாடு தேவலை?

பண்டிகை விற்பனை நேரத்தில் கடை ஊழியர்கள் கட்டாயம் வேலைக்கு வரத்தான் வேண்டுமா என்று கேட்டால், பலரும் பண்டிகை நாளை மனதில் வைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறார்கள். "தீபாவளியன்று கடையை மூடிவிட்டால் போகிறது" என்பார்கள். ஜவுளிக்கடைகளைப் பொறுத்தவரை அது பெரிய விஷயமே இல்லை. தீபாவளியன்று காலையில் புடவை எடுக்க யார் வரப்போகிறார்கள்? பல கடைகள் அன்று திறப்பதே கிடையாது. தகராறு முழுவதும் அதற்கு முந்தின நாளில், அதிலும் முந்தின ராத்திரியில் இருக்கிறது.

சென்னை தியாகராய நகரில் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் இருக்கும் பெரிய கடைகளில் வேலை செய்பவர்களில் ஏராளமானோர் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்துக்காரர்கள். கடைக்காரர் தரும் விடுதியில் தங்கி, கடையின் மெஸ்ஸில் சாப்பிட்டு, மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்புகிறவர்கள். ஊர் ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின நாள் நள்ளிரவு தாண்டிக் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினால், எந்த வண்டியைப் பிடித்தாலும் வீடு போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிடும். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற பண்டிகைக்கு மத்தியானம் போய் என்ன செய்வது? ஆகவே பாதிப்பேர் போவதே இல்லை. விடுதியில் தூங்குகிறார்கள்.

இதை வைத்துத்தான் ஒவ்வொரு ஏற்பாட்டையும் எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. அன்றைக்குக் கூடுதலாக எவ்வளவு தருகிறார்கள் என்பது இரண்டாவது கேள்வி. ஊழியர் பண்டிகைக்கு வீட்டில் இருக்க முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

சரி, இப்போது நடப்பது என்ன? எல்லாரும் வர வேண்டும். தீபாவளிக்கு முந்தைய சில வாரங்களுக்கு லீவு கேட்கக்கூடாது, வார விடுமுறையும் கிடையாது. பண்டிகை முடிந்ததும் ஊருக்குப் போய் வரலாம். எழுதப்படாத இந்த ஏற்பாட்டில் முதலாளியின் பக்கமும் பொய்யில்லை. ஆண்டு வியாபாரத்தில் பெரிய பங்கு இந்தச் சில வாரங்களில்தான் நடக்கிறது. சூரத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் கடனுக்கு எடுத்த சரக்கு தீபாவளிக்குள் நகரவில்லை என்றால், அடுத்த வருஷம் அந்த டிசைனை யாரும் கையால் தொடமாட்டார்கள். அப்புறம் ஆடித் தள்ளுபடியில்தான் தள்ள வேண்டும். கூட்டம் அலைமோதும் நாளில் எந்த அலமாரியில் எந்த அளவு இருக்கிறது என்று தெரிந்த ஆள் செக்‌ஷனில் இல்லாவிட்டால் வந்தவர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். படிப்பு முடித்த புதிதில் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங்கில் இருந்திருக்கிறேன். அனுபவசாலியான ஒரு சேல்ஸ்மேன் லீவு போட்டால் அந்தத் தளத்தின் விற்பனை எப்படிப் படுத்துக்கொள்ளும் என்பதைக் கல்லாவிலிருந்தே பார்க்கலாம்.

ஆனால் இந்த ஏற்பாடு சட்டத்துக்குள் நிற்பதில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டுக்காரன். வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை என்பதை அன்றைக்கே எழுதிவைத்துவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் வருடம் முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019இல் அரசு அனுமதி கொடுத்தது. அது மூன்று மூன்று ஆண்டுகளாக நீண்டுகொண்டு வருகிறது. கடை திறந்திருக்கலாம் என்பதை மட்டும் எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். அதே ஆணையில், ஒருவரின் வேலை நேரம் ஓவர்டைம் சேர்த்தும் ஒரு நாளைக்குப் பத்தரை மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும், பெண்களை எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் இரவு 8 மணிக்கு மேல் வேலைக்கு வைக்கக்கூடாது என்றும் நிபந்தனைகள் இருக்கின்றன. காலை 9 மணிக்குக் கவுண்டருக்கு வந்தவர் நள்ளிரவுக்கும் அங்கேயே நின்றால் 15 மணி நேரம். நின்றால் என்று சொல்வதுகூட நேர்ப்பொருளில்தான். கடை ஊழியர் உட்கார ஒரு இருக்கை வேண்டும் என்பதே தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டமானது. அதற்கு முன்னால் கேரளம் 2018இல் கொண்டுவந்தது; கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் விற்பனைப் பெண்களைத் திரட்டி விஜியும் அவருடைய பெண்கூட்டு அமைப்பும் வருஷக்கணக்கில் போராடிய பிறகு.

அடுத்தது, எல்லாரும் சுலபமாகக் கையை நீட்டிக் காட்டும் தீர்வு: இரட்டைச் சம்பளம். வரச் சொல், ஆனால் இரண்டு மடங்கு கொடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தேசிய, பண்டிகை விடுமுறைகள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. அந்த நாளில் வேலைக்குக் கூப்பிட வேண்டுமானால் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். வந்தவருக்கு இரட்டைச் சம்பளமோ, அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் மாற்று விடுமுறையோ தர வேண்டும். தொழிலாளர் துறை இந்தத் தேசிய விடுமுறை நாட்களில் கடைகளையும் ஓட்டல்களையும் ஆய்வு செய்து, விதி மீறியவர்கள் மீது நடவடிக்கை என்று செய்தி வெளியிடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சட்டம் காப்பாற்றுவது தீபாவளி நாளை. ஜவுளிக்கடை எப்படியும் மூடிக்கிடக்கிற நாளை. முந்தின நாள் விடுமுறையே அல்ல. அன்றைக்குச் சட்டப்படி கேட்க முடிந்ததெல்லாம் எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கான இரட்டைக் கூலிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 15,000 ரூபாய் வாங்குகிறவருக்கு ஒரு நாள் கூலி 500 ரூபாய். முந்தின நாள் முழுவதற்குமே இரட்டைச் சம்பளம் கொடுத்தாலும் கூடுதலாகக் கைக்கு வருவது அந்த 500தான். ஒரே ராத்திரியில் லட்சக்கணக்கில் பில் போடும் கடைக்கு ஆளுக்கு 500 ரூபாய் ஒரு செலவே அல்ல; எனவே அது யாரையும் சீக்கிரம் மூட வைக்காது. ஊழியருக்கோ, பண்டிகை நேரத்தில் திருநெல்வேலிக்கு ஆம்னி பஸ்காரர் இரண்டாயிரம் மூவாயிரம் என்று கேட்கும்போது அது டிக்கெட்டுக்குக்கூடப் பற்றாது. ஆஸ்திரேலியாவில் பொது விடுமுறை நாளில் வரும் நிரந்தரக் கடை ஊழியருக்கு இரண்டேகால் மடங்கு சம்பளம். அங்கே மணிக்கூலி இருக்கும் உயரத்தில் இரண்டேகால் மடங்கு முதலாளியைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும். இங்கே அடிப்படைச் சம்பளமே ஒல்லியாக இருக்கும்போது அதை இரண்டால் பெருக்கி என்ன ஆகப்போகிறது? இரட்டைச் சம்பளம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதைத் தீர்வு என்று சொல்லாதீர்கள்.

ஆஸ்திரேலியாவிடம் கற்றுக்கொள்ள வேண்டியது பணத்தைவிட இன்னொன்று. அந்த நாட்டுச் சட்டப்படி பொது விடுமுறை நாளில் வேலைக்கு வரும்படி முதலாளி கேட்கலாம். தகுந்த காரணம் இருந்தால் ஊழியர் மறுக்கலாம். கேட்பதற்கும் உத்தரவு போடுவதற்கும் வித்தியாசம் உண்டா என்ற வழக்கு, குயின்ஸ்லாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் 2019 கிறிஸ்துமஸுக்கும் அதற்கு மறுநாளுக்கும் ஷிஃப்ட் போட்டதிலிருந்து கிளம்பியது. 2023 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு, உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. ஷிஃப்ட் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு வந்துதான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வது சட்டமீறல். வழக்கு சுரங்கத்துடையது என்றாலும் கடை ஊழியருக்கும் அதே சட்டம்தான். நம் 1958 சட்டத்தில் முதலாளி ஒரு நோட்டீஸ் கொடுத்தால் போதும்; ஊழியர் 'முடியாது' என்று சொல்ல அதில் இடமில்லை.

அப்படியானால் விருப்பப்பட்டவர்கள் மட்டும் வரட்டும் என்று வைத்துக்கொள்ளலாமா? காகிதத்தில் இதுதான் ஆக அழகான யோசனை. உள்ளூர்க்காரர்கள் சிலருக்கு அந்தப் பணம் நிஜமாகவே தேவைப்படும், வருவார்கள். மதம் மாறுபட்டவர்களும் முன்வருவார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் கிறிஸ்தவர்கள் நிறைய. "தீபாவளிக்கு நான் நிற்கிறேன், கிறிஸ்துமஸுக்கு என்னை விட்டுவிடுங்கள்" என்று அவர்களாகவே பேசி மாற்றிக்கொள்வது இப்போதும் உண்டு. ரம்ஜானுக்கு ஊருக்குப் போக நினைக்கும் முஸ்லிம் ஊழியர்களும் அப்படித்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நடக்கிற இந்தப் பண்டமாற்றை நிர்வாகங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை என்பது ஆச்சரியம்.

ஆனாலும் விருப்பம் என்ற ஒன்று எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். "யாருக்கு முடியாதோ கையைத் தூக்குங்கள்" என்று கேட்பவர் ஃப்ளோர் சூப்பர்வைசர். இன்சென்டிவ் எழுதுபவர் அவர். லீவு கொடுப்பவர் அவர். படுக்கிற விடுதியும் சாப்பிடுகிற சாப்பாடும் கடையுடையது. வேலைக்குச் சேர்த்துவிட்டவர் ஊரிலுள்ள மாமாவோ சித்தப்பாவோ. இந்த நிலையில் இருபது வயதுப் பெண் ஒருத்தி கையைத் தூக்குவாளா? பிரிட்டனில் 1994 சட்டம் ஞாயிற்றுக்கிழமை வேலை வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் உரிமையைக் கடை ஊழியர்களுக்குக் கொடுத்திருக்கிறது. அதற்காகப் பழிவாங்கினால் வழக்குப் போடலாம். அங்கே இதற்குப் பின்னால் தொழிற்சங்கம் நிற்கிறது. நம் ஜவுளிக்கடைகளில் சங்கம் என்ற சொல்லை எடுத்தாலே அடுத்த நாள் விடுதியைக் காலி செய்ய வேண்டியதுதான். மறுக்கும் உரிமை சட்டத்தில் வரட்டும், நல்லது. அதை மட்டும் நம்பி உட்கார முடியாது.

தற்காலிக ஆட்களை வைத்துச் சமாளிக்கலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல்லூரி மாணவர்கள் தீபாவளிக்குக் கடைகளில் வேலை செய்வது புதிதல்ல. துணி மடிக்க, பேக்கிங், டெலிவரி கவுண்டர், கூட்டத்தை வரிசையில் விட என்று அவர்கள் நன்றாகவே உதவுவார்கள். பட்டுப் புடவை செக்‌ஷனிலோ பில்லிங்கிலோ நிறுத்த முடியாது. ஊருக்குப் போகிறவர்களில் ஒரு பகுதியின் இடத்தை நிரப்பலாம், அவ்வளவுதான்.

இனி மிச்சமிருப்பது மூடுவது. ஒரு கடை மட்டும் சீக்கிரம் மூடினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே நவம்பர் நான்காவது வியாழன் நன்றியறிதல் நாள். குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் நாள். மறுநாள் வெள்ளி பெரிய தள்ளுபடி. டார்கெட் நிறுவனம் 2011இல் அந்த விற்பனைக்காக வியாழன் நள்ளிரவில் கதவைத் திறந்தது. 2012இல் இரவு 9 மணி. 2013இல் 8 மணி. 2014இல் மாலை 6 மணி. எதிர்க்கடை திறக்கிறான் என்று ஒவ்வொருவரும் திறக்க, சாப்பாட்டு மேசையிலிருந்தே ஊழியர் எழுந்து போக வேண்டியதாயிற்று. யாருக்கும் இதனால் விற்பனை இரட்டிப்பாகிவிடவில்லை. வெள்ளிக்கிழமை வர வேண்டிய கூட்டத்தில் ஒரு பகுதி வியாழனே வந்தது. 2020இல் கொரோனா காரணமாக வால்மார்ட் உட்படப் பெரிய கடைகள் அந்த நாளில் மூடின. மறு ஆண்டு டார்கெட் இனி நிரந்தரமாகவே அன்று மூடல் என்று அறிவித்தது. ஒன்பது ஆண்டுப் பந்தயத்தை நிறுத்த ஒரு கொள்ளைநோய் தேவைப்பட்டிருக்கிறது. மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், மெய்ன் ஆகிய மாநிலங்களில் மட்டும் இந்தக் கூத்தே நடக்கவில்லை. அங்கே அன்று பெரிய கடைகள் திறக்கக்கூடாது என்று பழைய சட்டம் இருந்தது. பிரிட்டனும் 2004இல் இதே வழியில் போனது: 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக்கூடாது. சின்னப் பெட்டிக்கடைக்காரர் திறந்துகொள்ளலாம்.

ஆகவே எல்லாருக்கும் ஒரே மூடும் நேரம் என்பதே தேவலை என்று நினைக்கிறேன். தீபாவளிக்கு முந்தின இரவு 10 மணிக்கு மேல் பெரிய கடைகள் திறந்திருக்கக்கூடாது. அண்டைக்கடைக்காரனும் மூடுவான் என்று தெரிந்தால் எந்த முதலாளிக்கும் இழப்பில்லை. நள்ளிரவில் வர இருந்தவர் மாலையில் வருவார்.

இங்கேதான் எனக்கே உறுத்தும் ஓர் எதிர்வாதம் வருகிறது. முந்தின ராத்திரி வருகிற கூட்டம் யார்? சோம்பேறித்தனத்தால் தள்ளிப்போட்டவர்கள் கொஞ்சம்பேர்தான். மதுரை விளக்குத்தூணிலும் மாசி வீதிகளிலும் அன்று இரவு நிற்பவர்களில் பலர் அன்றைக்குத்தான் காசைக் கண்ணால் பார்த்தவர்கள். கொத்தனார், சித்தாள், பட்டறை வேலைக்காரர், ஓட்டல் தொழிலாளி. போனஸோ முன்பணமோ சாயங்காலம் கைக்கு வருகிறது. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எட்டு மணிக்குக் கடைக்கு வருகிறார்கள். இன்னும் சொன்னால், சின்னக் கடைகளின் ஊழியர்களே தங்கள் கடையைச் சாத்திவிட்டு வந்துதான் வீட்டுக்குத் துணி எடுக்கிறார்கள். நடைபாதை வியாபாரிக்கோ அந்தக் கடைசி மணி நேரங்கள்தான் சரக்கை விலை குறைத்துத் தள்ளும் நேரம். பத்து மணிக்கு விளக்கை அணைத்தால் அடி விழுவது இவர்கள் மேல்தான், மூன்று வாரம் முன்பே காரில் வந்து வாங்கிப்போனவர்கள் மேல் அல்ல.

இதற்கு வழி கடையில் இல்லை, போனஸ் தேதியில் இருக்கிறது. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம் என்று சட்டம் சொல்கிறது. கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுத்தால் போதும் என்கிறது. மார்ச்சில் ஆண்டு முடிகிறவர்களுக்கு நவம்பர் கடைசி வரை அவகாசம். வழக்கத்தால்தான் தீபாவளிக்குத் தருகிறார்கள், பலர் கடைசி நாளில். தீபாவளிக்குப் பதினைந்து நாள் முன்னதாகத் தந்தே ஆக வேண்டும் என்று ஒரு வரி வந்தால் முந்தின ராத்திரிக் கூட்டத்தில் கணிசமான பகுதி தானாகவே முன்னால் நகரும். முறைப்படி போனஸ் பெறாத கட்டடத் தொழிலாளிக்கு இது உதவாது என்பது உண்மை. அதனால்தான் மாலை 6 மணி என்று சொல்லாமல் 10 மணி என்கிறேன். நடைபாதைக் கடைகளுக்கும், ஆள் வைக்காமல் குடும்பமே நடத்தும் கடைகளுக்கும் இந்தக் கட்டுப்பாடே வேண்டாம்.

அரசு இதையெல்லாம் செய்யுமா என்ற சந்தேகம் நியாயமானது. அரசே ஒரு பெரிய சில்லறை வியாபாரி. 2003 இறுதியிலிருந்து டாஸ்மாக் கடைகளை அதுதான் நடத்துகிறது. காந்தி ஜயந்தி, திருவள்ளுவர் தினம், மே தினம் என்று ஆண்டில் சில நாட்கள் மூடுகிறார்கள். தீபாவளி அந்தப் பட்டியலில் இல்லை. அன்றைக்கு விற்பனையாளர்களும் மேற்பார்வையாளர்களும் இரவு 10 மணி வரை கடையில் நிற்க வேண்டியதுதான். தன் ஊழியரைத் தீபாவளியன்று கவுண்டரில் நிறுத்தும் முதலாளி, தனியார் முதலாளிக்கு என்ன புத்தி சொல்ல முடியும்?

அதனால் சட்டத்துக்குக் காத்திராமல் வணிகர் சங்கங்கள் தாங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரவு 10 மணிக்கு மூடினாலும் தென்காசிக்காரர் அன்றிரவு ஊர் போய்ச் சேர முடியாது என்பதை மறக்கக்கூடாது. வெளியூர் ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கு பேரைத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிட வேண்டும். மற்றவர்களுக்குப் பொங்கலோ கிறிஸ்துமஸோ ரம்ஜானோ, அவர்கள் கேட்கும் பண்டிகை உறுதி. அடுத்த வருஷம் முறை மாறும். பாதிப்பேரை அனுப்பலாமே என்றால், அந்த ராத்திரியின் கூட்டத்தைப் பார்த்தவன் என்ற முறையில் அது நடக்காது என்றே சொல்வேன். மூன்றில் ஒரு பங்கின் இடத்தை மாணவர்களையும் உள்ளூர்க்காரர்களையும் வைத்துச் சமாளிக்க முடியும்.

பட்டியலை எப்போது ஒட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸ், பொதிகை எக்ஸ்பிரஸில் தீபாவளி டிக்கெட்டுகள் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் லீவு தந்தால் அந்த லீவை வைத்துக்கொண்டு கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு முண்டியடிக்கலாம், அவ்வளவே. 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நவம்பர் 6 இரவு வண்டிக்குச் செப்டம்பர் முதல் வாரத்தில் முன்பதிவு தொடங்கிவிடும். ஆடித் தள்ளுபடி முடிந்து கடை கொஞ்சம் மூச்சு விடுகிற ஆகஸ்ட் கடைசியில், யார் போகிறார்கள், யார் நிற்கிறார்கள் என்ற தாள் மெஸ் சுவரில் ஏறியாக வேண்டும். நிற்பவர்கள் பெயருக்கு எதிரே அவர்களுக்கு உறுதி தந்த பண்டிகையின் தேதியோடு.